மூன்றாவது ஆள்

ஆள் ஈர்க்குச்சிதான், ஆனால் தெருவில் அவளுக்குப் பெயர் குண்டக்கா. உட்கார்ந்தபடி இரும்புக் குண்டு எறிகிறவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிழைப்பு, கடையில் வாங்கிய ஆயத்த உடைகளை அவரவர் அளவுக்குக் குறைத்துத் தைத்துக் கொடுப்பது. கால்கள் இரண்டும் குழந்தையிலேயே சூம்பிவிட்டதால், தையல் மெஷின் மோட்டாரின் மிதியை மேசைமேல் தூக்கி வைத்து முழங்கையால் அழுத்துவாள். அப்படி அழுத்தி அழுத்தி உரமேறிய கை.

அந்தக் கைக்கு வலு இருந்தும் எறிய இடம் கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் மூன்று பெண்களாவது எறிந்தால்தான் பெண்கள் போட்டி என்பது விதி. போன வருஷம் ஆள் சேரவில்லை, ரத்து. முந்தின வருஷமும் ரத்து. இந்த வருஷம் மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜெயிக்கிறவள் அடுத்த கட்டப் போட்டிக்குப் போகலாம்.

போட்டி நாளன்று விளையாட்டரங்க வாசலில் மாற்றுத்திறனாளிகளை வரவேற்றுப் பத்தடிப் பதாகை. வருகைப் பதிவு மட்டும் மாடியில்! இருபத்திரண்டு படி. கீழ் அறையை விருந்தினர்கள் இளைப்பாற ஒதுக்கிவிட்டார்களாம். நடக்க முடிந்தவன் கீழே, முடியாதவன் மேலே. இதை யோசித்த புண்ணியவான் யாரோ, அவன் தலையில் நிஜமாகவே மூளைதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குண்டக்கா காலை ஏழு மணிக்கே தங்கையின் முதுகில் தொற்றிக்கொண்டு ஏறி, பதிவை முடித்து இறங்கிவிட்டாள்.

மைதானத்தில் எறியும் நாற்காலியைத் தரைக் கொக்கிகளில் கட்டி, அவளையும் அதில் இடுப்போடு தொடையோடு வார்போட்டு இறுக்கினாள் தங்கை. முதல் ஆள் இவள்தான். குண்டைக் கழுத்தோரம் அணைத்த நேரத்தில் நடுவர் காகிதத்தோடு வந்தார்.

"இறங்கிக்கங்கம்மா. ரெண்டு பேர்தான். மூணாவது ஆள் வரலை. போட்டி ரத்து."

"யாரு, அந்த போன் ரிப்பேர் பண்ற பொண்ணா? அவ மூணு சக்கர வண்டி மாடிப்படி கிட்டதானே சார் நிக்குது? வண்டி மட்டும் தனியா வந்துச்சா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பதிவு நேரம் முடிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் காலு இருக்கே!"

தங்கை வாரை அவிழ்க்கக் குனிந்தாள். குண்டக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதே. அவ வர்ற வரைக்கும் நான் இறங்கறதா இல்லை. நாற்காலியோட தூக்கறதுன்னா தூக்கிக்கட்டும்."

எங்கே தூக்குவது? நாற்காலி தரையோடு கட்டியிருந்தது. பின்னால், அடுத்து அதே இடத்தில் எறிய வேண்டிய ஆண்கள் வரிசை நின்றது. முதலில் முணுமுணுத்தவர்கள், விஷயம் தெரிந்ததும் நடுவரைப் பிடித்துக்கொண்டார்கள். எருமைமாட்டின் மேல் மழை பெய்ததுபோல நின்ற மனிதர் வேறு வழியில்லாமல் மாடிப்படிக்கு ஓடினார்.

அந்த போன் ரிப்பேர் பெண் பதினாறாம் படியில் இருந்தாள். துணைக்கு யாருமில்லாமல் வந்தவள், வண்டியைக் கீழே விட்டுவிட்டு, உட்கார்ந்த வாக்கில் கைகளை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. அவளைக் கடந்து ஏறிப்போன ஒருத்தருக்கும் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நடுவர் அங்கேயே, அந்தப் படியிலேயே, பதிவேட்டை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார். முதலிலேயே செய்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மூவரும் எறிந்தார்கள். சிவந்த கைக்காரி குண்டக்காவை ஒரு சாண் வித்தியாசத்தில் தோற்கடித்தாள். குண்டக்காவுக்கு வயிறு எரியத்தான் செய்தது. இல்லை என்றால் பொய்.

நடுவருக்கு அப்போதுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களாம்மா? சண்டை போட்டு அவளை வரவழைச்சு என்னத்தைக் கண்டீங்க?"

"ரெண்டு வருஷமா எறியாமலே தோத்தேன் சார். இன்னைக்குத்தான் எறிஞ்சு தோத்திருக்கேன். ரெண்டாவது இடம்னு எழுதுங்க. எழுதினதை எனக்குக் காட்டுங்க."