ஜோசியர் சடையப்பனின் ஐந்தரை மணி நேரம்

"ஒம்பது… எட்டு… ஏழு…" என்று சடையப்பன் வாய்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். கறுத்த திரையில், கம்ப்யூட்டரை இயக்க எது வேண்டும் என்று கேட்டு இரண்டே வரிகள். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து எண்ணி முடிவதற்குள் அம்புக்குறியைக் கீழே இறக்காவிட்டால் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு மேல் வரிக்குள் புகுந்துவிடும். அதனால் ஒரு விரல் பொத்தான் மேலேயே இருக்கிறது. மறு கையில் ஊதுபத்தி. இதையும் ஏதோ மந்திரம் என்று நினைத்து, எதிர் நாற்காலியில் இருப்பவர்கள் கைகூப்பிவிடுவதுண்டு. அவர் மறுத்துச் சொல்வதில்லை.

சிதம்பரம் மேலவீதியில், வளையல் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடி இடம் அவருடையது. வாசலில் 'கம்ப்யூட்டர் ஜாதகம் – கணிப்பில் பிழை இராது' என்று பலகை. டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். பத்து விரலாலும் அடிப்பார். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கம்ப்யூட்டரை 'இவன்' என்பார். தினமும் காலை ரேடியோவில் மணி ஒலிக்கும்போது கைக்கடிகாரத்தைச் சரிபார்த்த பிறகுதான் காப்பி. "நாலு நிமிசம் தப்புனா ஒரு பாகை தப்பும். என்கிட்ட அந்தப் பேச்சே கெடையாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஒருவனாக இருந்த 'இவன்' இருவரானது 2009ஆம் வருஷம் வைகாசிக் கடைசியில். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, போட்டு வைத்திருந்த ஜாதகங்களில் பாதி போய்விட்டது. ஜாதகம் கணிக்கும் மென்பொருளோ பழசு, விண்டோஸில்தான் ஓடும். சிங்கப்பூர்க்காரர்கள் அனுப்பும் மெயிலையும் பார்த்தாக வேண்டும். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் காத்தவராயன், சடையப்பன் மனைவி வழிச் சொந்தம், கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"மெயிலுக்கு லினக்ஸ் போட்டுக்கலாம் மாமா, அதுல வைரஸ் லேசுல ஏறாது. மூணு வழி இருக்கு. சிடியப் போட்டு சிடிலேருந்தே ஓட்டலாம். அணைச்சா ஒண்ணும் மிஞ்சாது. இல்ல, விண்டோஸுக்குள்ளயே ஒரு சன்னல்ல லினக்ஸ ஓட விடலாம். ஒரே நேரத்துல ரெண்டும் ஓடும்."

"அது நல்லா இருக்கே."

"உங்க பொட்டிக்கு அவ்ளோ மெமரி இல்ல, மூச்சு வாங்கும். ஹார்டு டிஸ்க ரெண்டாப் பிரிச்சி, பாதில இது, பாதில அது வெச்சிடறேன். தொறக்கும்போதே எது வேணும்னு கேக்கும்."

"ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு எங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காது மாமா. டிஸ்க்குல சும்மா கெடக்கும்."

"தூங்குமா?"

"தூங்கவும் தூங்காது."

சடையப்பனுக்கு இது செரிக்கவில்லை. ஓடவும் இல்லாமல் தூங்கவும் இல்லாமல் ஒன்று பெட்டிக்குள் கிடப்பதாவது! மறுநாள் திரையின் இடது மூலையில் வழக்கமாக வைக்கும் குங்குமப் பொட்டோடு, வலது மூலையிலும் ஒன்று வைத்தார். புதிதாக வந்தவனுக்கு. பகலெல்லாம் விண்டோஸ், சாயங்காலம் லினக்ஸில் மெயில் பார்த்துவிட்டு, காத்தவராயன் சொல்லிக் கொடுத்தபடி முறையாக மூடிவிட்டுக் கிளம்புவார். ஸ்விட்சை அப்படியே அணைத்ததில்லை. இந்த ஒழுங்குதான் அவரைக் கவிழ்த்தது.

ஆனி முதல் வாரம், வெள்ளிக்கிழமை. புவனகிரிச் சந்தையில் மீன் விற்கும் பூவம்மாள், பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் கேட்டுவிட வேண்டுமென்று பத்து மணிக்கே வந்துவிட்டாள். மகள் மோனிகாவுக்குக் கடலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் சேர வேண்டும். ஜாதகம் எழுதி வைக்கவில்லை. பிறந்த நேரமும் தெரியாது.

"ஒத்தப் பொண்ணு ஜோசியரே. ஆஸ்டல்ல உடணும். உடலாமா, வேணாமா? நீங்க சொல்றதுதான்."

பிறந்த நேரம் இல்லாதவர்களுக்குப் பிரசன்னம் பார்ப்பார். கேள்வி கேட்ட நேரத்துக்கே கட்டம் போட்டுப் பலன் சொல்வது அது. வருகிறவர்களெல்லாம் பிறந்த ஜாதகத்துக்கும் பொருத்தத்துக்கும்தான் வருவார்கள். பெட்டி இரண்டானதிலிருந்து பிரசன்னம் கேட்டவள் பூவம்மாள் ஒருத்திதான். 'இப்போது' என்ற பொத்தானை அழுத்தினார். மணியைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது. ரிஷப லக்னம். லக்னத்துக்கு உடைய சுக்கிரன் பன்னிரண்டில். விரயம்.

"வேணாம்மா. இந்த வருசம் உட்டுடு."

பூவம்மாள் பக்கத்து வீட்டு செல்போன் நம்பரை நோட்டில் எழுதச் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்க எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சூரியன் இரண்டாம் இடத்தில் இருந்தது. பத்து மணிக்குக் கேட்ட கேள்விக்குச் சூரியன் பதினொன்றில் அல்லவா இருக்க வேண்டும்? இரண்டில் என்றால் இன்னும் விடியவே இல்லை என்று அர்த்தம். பஞ்சாங்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகுதான் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்: காலை 4.32.

காத்தவராயனுக்குப் போன் போட்டார்.

"அட, அத மறந்துட்டேன் மாமா. பொட்டிக்குள்ள இருக்கறது ஒரே கடிகாரம். சாயங்காலம் லினக்ஸ் மூடும்போது அதுல லண்டன் கிரீன்விச் டைம வெச்சிட்டுப் போவுது. காலைல விண்டோஸ் வந்து, அதான் நம்மூரு டைம்னு எடுத்துக்குது. அஞ்சரை மணி நேரம் பின்னால."

"அப்ப பூவம்மாளுக்கு லண்டன்லயா கட்டம் போட்டேன்?"

"ஊரு சிதம்பரந்தான் மாமா. மணிதான் லண்டன். திங்கக்கெழம வந்து ஒரு வரி மாத்துனா சரியாப் போயிடும்."

சடையப்பன் பத்து மணி இரண்டு நிமிஷத்துக்கு மறுபடி கட்டம் போட்டார். சிம்ம லக்னம். லக்னாதிபதி சூரியன் லாபத்தில், பிரமாதம். ஆனால் சனி லக்னத்திலேயே உட்கார்ந்திருந்தான். அனுப்பு என்றும் சொல்லலாம், தடை என்றும் சொல்லலாம். போதாக்குறைக்கு இன்னொரு குழப்பம். அவள் கேட்ட நேரத்தில் அவர் கண்முன் வந்தது ரிஷபம்தான். வந்ததுதானே பிரசன்னம்? கடிகாரம் தப்பியதும் அவள் வேளையில் சேர்ந்ததாக இருந்தால்? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடத்தை மாற்றி வைத்தார். எலுமிச்சம்பழச் சாதம் டப்பாவிலேயே ஆறியது. வாசல் பலகையிலிருந்த 'பிழை இராது' இப்போது அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

ஒன்றரை மணிக்குப் புவனகிரிக்குப் போன் போட்டார். பக்கத்து வீட்டார் பூவம்மாளைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"அம்மா, நேத்து நான் பாத்தது தப்பான மணிக்கு."

"சரியான மணிக்கு என்னா வருது?"

இரண்டு தாளையும் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாத சொல் வாயில் வந்தது.

"தெரியலம்மா."



"வேணாம்னீங்க, அதான் கம்முனு இருந்தேன். தெரியலன்னா நான் சேக்கறேன்" என்றாள் பூவம்மாள். பிறகு போனை விலக்கிக்கொண்டு யாரையோ அதட்டும் குரல்: "ஏய் மோனி, அழுதது போதும். சர்ட்டிபிகேட்ட எட்றி. ரெண்டு மணி பஸ் போயிடும்."

திங்கட்கிழமை காத்தவராயன் வந்து அந்த ஒரு வரியை மாற்றிவிட்டார். இப்போது இரண்டும் ஒரே மணியைக் காட்டுகின்றன என்கிறார். சடையப்பனும் தலையாட்டுகிறார்.

"மூணு… ரெண்டு…" அம்புக்குறி கீழே இறங்குகிறது. எதிரே ஒரு பெரியவர், விற்கலாமா கூடாதா என்று நிலத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், கூப்பிய கையை இன்னும் எடுக்கவில்லை. சடையப்பன் 'இப்போது' பொத்தானைத் தொடுவதில்லை. மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி, பெரியவர் பக்கமாகத் திருப்பி மேஜைமேல் வைக்கிறார்.

"மணி என்னான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."