அவர் பெயர் ஒட்டிய டப்பி

எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். இது தெரியாவிட்டால் நான் செய்தது யாருக்கும் புரியாது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எஸ்டேட் குன்னூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் டீத்தூள் சலிக்கிற ரூமில் வேலை செய்தார். நான் கொழுந்து பறித்தேன். அவர் பர்மனென்ட். நான் டெம்பரவரி. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அது அவர் பேரில் இருந்தது. ஒரு மகள்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஒன்று பார்த்தேன். லைனில் முதல் வீட்டில் இருந்தவருக்கு இருமல். ரத்தம் வந்தது. அப்போது மேனேஜராக இருந்த துரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். அவர் வீட்டு அம்மா பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் பஸ்ஸுக்கு நடந்தது. பின்னால் அவர் இருமிக்கொண்டே போனார். இருமல் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் கிட்டப் போகவில்லை. நானும் ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன்.

அந்தத் துரை போய் வேறு துரை வந்தார். ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடுகிற இடத்தில் காட்டு வேலையை மேற்பார்வை பார்க்கிற கண்டக்டர் ஒரு தாளைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே வருசத்துக்கு ஒருக்கா எல்லாத்துக்கும் செக்கப். எடை பாப்பாங்க, பிரசர் பாப்பாங்க. இருமல் இருக்கறவங்க சளி குடுக்கோணும். அன்னிக்கு அரை நாள் வேலைக்குப் பேர் போட்டுருவோம். நோவு இருந்தா மருந்து எஸ்டேட்டே குடுக்கும். சம்பளத்தோட லீவு. ஊட்டுக்கும் ஒண்ணும் ஆகாது."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழுந்துக் காட்டில் அன்றைக்கு முழுக்க அதுதான் பேச்சு.

"நோவு வர்றதுக்கு முந்தியே டாக்டர்கிட்டப் போறதா? இதென்னக்கா கூத்து?"

"நம்மளயும் தராசுல போடப்போறாங்களாமா."

"ஈரக்கொழுந்துக்குக் கழிக்கற மாதிரி சேலைக்கு ரெண்டு கிலோ கழிச்சுருவாங்க, பாத்துக்க."

"உன்னையப் போட்டா தராசே லீவு கேக்கும் போடி."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டைப் பற்றிக் கண்டக்டர் சொன்ன வார்த்தையை யாரும் நம்பவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கு அப்போது இரண்டு மாதமாக இருமல். சலிக்கிற ரூமில் எல்லாரும் இருமுவார்கள். தூசி புகை மாதிரி நிற்கும். கேட்டால், "தூசி புள்ள. ரெண்டு நாள் லீவு போட்டாச் சரியாயிரும்" என்பார். லீவு போடமாட்டார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

செக்கப் அன்று டிஸ்பென்சரிக்கு இரண்டு பேரும் போனோம். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர், நரைத்த ஆள். என் வீட்டுக்காரரை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார். முதுகில் குழாய் வைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா இருமல்?"

"தூசிங்க சார்."

"தூசியா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். எத்தனை நாள்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் மூடி போட்ட சின்ன டப்பி ஒன்று கொடுத்தார். கம்பவுண்டர் அதில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, பெயர் எழுதினார்.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் நல்லா ஆழமா இருமி இதுல துப்பணும். மூடி இங்க கொண்டாந்து குடுத்துருங்க."

மறுநாள் காலை அவர் கொல்லைப்புறம் போய் வெகு நேரம் இருமினார். உள்ளே வந்து டப்பியை ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நேரமாச்சு, நான் ஓடறேன். நீ போற வழியில டிஸ்பென்சரில குடுத்துரு புள்ள."

அவர் போன பிறகு மூடியைத் திறந்தேன். சளிக்கு நடுவில் சிவப்பாக ஒரு நூல். அவ்வளவுதான். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்று இப்போது சில சமயம் நினைப்பதுண்டு. அவர் டப்பிக்குள் உற்றுப் பார்க்கிற ஆள் இல்லை.

பித்தளைக் குடம் ஞாபகம் வந்தது. மகள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

டப்பியைச் சாக்கடையில் கொட்டினேன். காகிதம் நனையாமல் பிடித்துக்கொண்டு வெந்நீரில் மூன்று தடவை கழுவினேன். பிறகு நான் இருமினேன். எனக்கு இருமல் இல்லை. தொண்டையைக் காறிக் காறி வரவழைக்க வேண்டியிருந்தது. துப்பி மூடினேன். கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் கொடுத்தேன்.

"ரத்தம் கித்தம் ஏதாச்சும் வந்துச்சுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்கண்ணா."

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அன்று சாயந்திரம் அவர் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தார். மகளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"பாத்தியா? தூசின்னு சொன்னனில்ல? சளி சுத்தமா இருக்குதாமா. டாக்டரே சொல்லீட்டாரு."

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வீடு தப்பியது என்று இருந்தேன். அவரை எப்படியாவது வெளியில் காட்டி, யாருக்கும் தெரியாமல் மருந்து வாங்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். அதற்கும் வழி இல்லாமல் போயிற்று.

"ஏனுங்க, ஒருக்கா குன்னூர்ல காட்டிட்டு வந்துரலாமுங்க."

"எதுக்கு? கம்பெனி டாக்டரே ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு. அவர விட உனக்குத் தெரியுமா?"

"இல்லீங்க, இருமல் நிக்கலியே."

"தூசி நிக்கோணுமில்ல புள்ள, இருமல் நிக்கறதுக்கு."

அந்தச் சளி உங்களுடையது இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அவர் கோபக்காரர் இல்லை. ஒரு தடவை கூடக் கை ஓங்கியதில்லை. அடிப்பார் என்ற பயத்தில் சொல்லாமல் இருந்தேன் என்றால் அது பொய். சொல்ல வாய் வரவில்லை. சொல்வதற்குப் பத்து மாதம் இருந்தது. பத்து மாதமும் முட்டை வாங்கிக் கொடுத்தேன், மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

பனி விழுகிற மாதத்தில் ஒரு நாள் ஃபாக்டரியில் ரத்தமாகக் கக்கி விழுந்துவிட்டார். எஸ்டேட் ஜீப்பில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் காட்டிலிருந்து ஓடினேன். டாக்டர் அவருடைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போன தடவை ஒண்ணுமில்லைன்னு இருக்கே. இது இப்ப வந்ததில்லையே." கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "டப்பியை மாத்திட்டியா?"

"சத்தியமா இல்லீங்க சார். பேர் பாத்துத்தான் அனுப்பினேன்."

"அப்புறம் எப்படி?"

கம்பவுண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு நாள் துரையே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, உடைந்த தமிழில் சொன்னார். வேலை அப்படியே இருக்கும். வீடு அப்படியே இருக்கும். குணமாகித் திரும்பி வா. அவர் படுத்தபடியே கும்பிட்டார். கண்டக்டர் அன்றைக்குத் தாளைப் பார்த்துச் சொன்னதெல்லாம் நிஜம்.

மூன்று வாரம்தான் உயிரோடு இருந்தார். கடைசியில் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது. ஒரு நாள் என்னிடம் சொன்னார்:

"கம்பவுண்டரை யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னு சொல்லு புள்ள. பாவம். மனுசன் தப்புப் பண்ணறதுதான்."

"செரிங்க" என்றேன்.

அப்போதும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு என்னையும் மகளையும் சோதித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு இருந்தது. ஆரம்பம்தான் என்றார்கள். டிஸ்பென்சரியில் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். தினமும் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். எல்லாம் எஸ்டேட் செலவு. கம்பவுண்டர் தன் கையால் பாலை ஆற்றிக் கொடுப்பார். அவள் தேறிவிட்டாள். இன்றைக்கு அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவருடைய சளியே போயிருந்தால் அதே மருந்தை அவருக்கும் கொடுத்திருப்பார்கள்.

என்னை பர்மனென்ட் ஆக்கினார்கள். வீட்டை என் பேருக்கு மாற்றினார்கள்.

அடுத்த செக்கப் வந்தது. வீடு வீடாகப் போய் டப்பி கொடுத்து வாங்க லைனுக்கு ஒரு பெண் வேண்டும் என்று டாக்டர் கேட்டார். எங்கள் லைனுக்கு என் பேரைச் சொன்னது கம்பவுண்டர். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. டிஸ்பென்சரிக்குப் போய் நின்றேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த டப்பில இருந்தது அவரு சளி இல்லீங்க சார், என்ற சளி" என்றேன்.

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. முழுதும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னையிலிருந்து நான் இந்த மனுசனைத் திட்டிட்டிருக்கேன்" என்றார்.

"மன்னிச்சுருங்கண்ணா" என்று கம்பவுண்டர் பக்கம் திரும்பிச் சொன்னேன். அவர் திரும்பவில்லை. துடைத்த பாட்டிலையே மறுபடியும் துடைத்தார்.

டாக்டர் என்னைக் கேட்டார். "அப்ப டப்பியை வீட்டுக்குக் குடுக்கக்கூடாது. இங்கயே இருமச் சொல்லிரலாமா?"

"இங்கன்னா வரவே மாட்டாங்க சார். இருமலை முழுங்கீட்டு நிப்பாங்க."

"வேற என்ன செய்யறது?"

"ஊடு போகாதுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. தொரை கையெழுத்தோட. ஊட்டுக்கு ஒரு தாள்."

இரண்டு வாரத்தில் தாள் வந்தது. தமிழில் நான்கு வரி, கீழே கையெழுத்து, சீல். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தேன். யாரும் தராசைப் பற்றிக் கேலி பேசவில்லை. நான் செய்தது அதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டதால், என்னைப் பார்த்துப் பேசவும் சிலருக்கு முடியவில்லை.

முதல் வீட்டில் அப்போது ஒரு சின்னப் பெண் குடியிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம். உள்ளே புருஷன் இருமுகிற சத்தம் கேட்டது. காலையில் டப்பி வாங்கப் போனபோது அவள் அதை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். தாளை முதல் நாளே வாங்கிக் கதவில் ஒட்டியிருந்தாள்.

"அக்கா, நெசமாலுமே ஊட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

தாளைக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"எங்கூட்டுக்கு ஒண்ணும் ஆகலியே கண்ணு" என்றேன்.

டப்பியைக் கொடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு இருந்தது. மூடினேன். பையில் வைத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தேன்.