முகவரியில் கடல் காணப்பட்டது

நாகபூசணி தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றி ஒருமுறைதான் வெளியே சொன்னாள். வடக்கில் வேலை, குடும்பத்தோடு போகிறோம் என்றாள். அடுத்த கிழமை, இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் தமிழர் கூடும் பூசையில், மூன்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சண்டை நடக்கிற நேரத்தில் எட்டு வயதுப் பிள்ளையையும் கொண்டு ஊருக்குத் திரும்புகிறாளே என்று.

"அந்த வடக்கு இல்லையக்கா. இது மொண்டெல்லோவுக்கு வடக்கு."

"மொண்டெல்லோவுக்கு வடக்கை கடலெல்லே கிடக்குது?"

"ஓம். அங்கைதான்."

அவளுடைய புது முதலாளி சிஞ்ஞோர் குசுமானோ கனடாவின் வடக்கில் பதினான்கு வருடம் மிதவை விமானம் ஓட்டியவர். ஏரிகளில் இறங்கும், சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகள் பூட்டிய சிறிய விமானம். அங்கே பாதை இல்லாத காட்டுக்குள் மீன்பிடி விடுதிகள் இருக்கின்றன என்றும், ஆட்கள் பெரும் பணம் கொடுத்து அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருப்பார்கள் என்றும் அவர் கண்டுகொண்டார். பலேர்மோவுக்குத் திரும்பியபோது ஒரு விமானத்தையும் கொண்டுவந்தார். மரத்தால் ஒரு வீடு கட்டி, இரும்புப் பீப்பாய்களின் மேல் ஏற்றி, நகரத்தின் மொண்டெல்லோ கடற்கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டார். வாசலில் 'கரடி கவனம்' என்று பலகை மாட்டினார். விடுதிக்கு 'நோர்த்' என்று பெயர் வைத்தார். வடக்கு.

கரையிலிருந்து விமானத்தில் நான்கு நிமிடம். நான்கு நிமிடத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஆகவே சிஞ்ஞோர் நாற்பது நிமிடம் பறந்தார். மேகத்துக்குள் இரண்டு தரம் நுழைந்து, மூன்று தரம் வட்டமடித்து, பிறகு இறங்கினார்.

தொலைவைக் காப்பாற்றுவது நாகபூசணி குடும்பத்தின் வேலை. விடுதியின் தெற்கு யன்னல்களைத் திறக்கக் கூடாது. திறந்தால் கடற்கரையும் ஐஸ்கிரீம் கடையும் தெரியும். அவள் கணவன் விக்னராஜா சிறுபடகில் போய் வாங்கிவரும் பாணை, பேக்கரியின் பெயர் அச்சிட்ட உறையிலிருந்து நடுவழியிலேயே எடுத்துவிட வேண்டும். மகள் பிரசாந்தினி விருந்தினர் எழும்புவதற்கு முன் வீட்டின் பின்பக்கத்தால் படகேறிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். பாதையே இல்லாத காட்டில் பள்ளிக்கூடம் எங்கிருந்து வரும்?

காலையில் விக்னராஜா விமானத்தின் மிதவைகளுக்குள் இரவில் கசிந்திருந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைப்பான். நாகபூசணி ஆறு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி, மீன் குழம்பு வைப்பாள். கனடாவின் வடக்கில் இந்தியர்கள் இப்படித்தான் சமைப்பார்கள் என்று சிஞ்ஞோர் விருந்தினருக்குச் சொன்னார்.

"நாங்கள் இந்தியர் இல்லை எண்டு சொல்லு," என்றாள் நாகபூசணி, இத்தாலிய மொழி பேசத் தெரிந்த மகளிடம்.

பிரசாந்தினி சொன்னாள். பதிலைக் கேட்டு வந்தாள். "அந்த இந்தியர் வேறையாம், அந்தக் காட்டின்ரை ஆதிச் சனமாம். அவையளும் இந்தியர் இல்லையாம். அதால பரவாயில்லையாம்."

1996 இலையுதிர் காலத்தில் நாகபூசணிக்கு ஒரு கடுதாசி தேவைப்பட்டது. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டில் தங்கும் அனுமதி, நவம்பர் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க, அவள் எங்கே வசிக்கிறாள் என்ற சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். விக்னராஜா தன் பெயரை பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு கூட்டாளியின் வீட்டில் முன்பே பதிந்திருந்தான். இரண்டு அறை கொண்ட அந்த வீட்டில் காகிதத்தின்படி பதினான்கு பேர் வசித்தார்கள். பதினைந்தாவது ஆளுக்கு வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை.

"நாங்கள் இருக்கிற இடத்தையே எழுதுவம்," என்றாள் நாகபூசணி. அதுவரை குடும்பத்தில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

மனுக் கொடுத்தால் ஆள் உண்மையிலேயே அங்கே வசிக்கிறாரா என்று பார்க்க நகரசபைக் காவலர் ஒருவர் வருவார். வந்தார். மொண்டெல்லோ கரையில் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு, 'முகவரியில் கடல் காணப்பட்டது' என்று எழுதிப் போனார்.

விக்னராஜா அலைந்து திரிந்து இரண்டாவது சோதனைக்கு நாள் வாங்கினான். இந்த முறை காவலரைச் சிஞ்ஞோரே விமானத்தில் ஏற்றிவருவதாக ஏற்பாடு. நாகபூசணி வீட்டைத் துடைத்து, சேலை உடுத்து, வடை சுட்டு வைத்திருந்தாள். அரைமணி நேரத்துக்கு மேலாக விமானம் தலைக்கு மேல் சுற்றுவதை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"நேரை இறங்கச் சொல்லுங்கோப்பா!"

"என்னெண்டு சொல்லுறது? அந்தாளுக்கு நேரை பறக்க மறந்து போச்சு."

காவலர் வெளிறிப்போய் இறங்கினார். கரடிப் பலகையைப் பார்த்தார். வடை சாப்பிட்டார். நாகபூசணியின் கட்டில், அலுமாரி, பல் துலக்கும் தூரிகை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு எழுதினார்: 'மேற்படி பெண் இங்கே வசிப்பது உண்மை. ஆனால் இவ்விடம் பலேர்மோ நகரசபையின் எல்லைக்கு வெகு தொலைவில், அநேகமாக வேறொரு மாகாணத்தில் உள்ளது.'

அதற்குப் பிறகு நவம்பர் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

மழை ஒரு சனிக்கிழமை வந்தது. பின்னேரம் மூன்று மணி. சிஞ்ஞோர் நகரத்துப் பல் வைத்தியர் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் எங்கோ இருந்தார். பாண் வாங்கக் கரைக்குப் போயிருந்த விக்னராஜா வோக்கிரோக்கியில் கூப்பிட்டான். வழக்கமாக அதில் கதைப்பது பிரசாந்தினி. அவள் கணக்குச் செய்துகொண்டிருந்ததால் நாகபூசணி எடுத்தாள்.

"இஞ்சேரும், மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருது. மாரி துவங்கீற்றுது."

"ஓமோ? மாரியோ?"

"ஓமோம்! மாரி!"

"என்ன? கேக்கேல்லை!"

"மாரி! மாரி!"

"ஓமோம், மாரி!" என்று கத்திவிட்டு, காயப்போட்ட விரிப்புகளை எடுக்க ஓடினாள்.

மொண்டெல்லோ கரையில் 'நீலக் கை' என்றொரு கடல் மீட்புச் சங்கம் இருந்தது. தலைவர் லோ வெர்தே, ஓய்வுபெற்ற நீச்சல் ஆசிரியர். அவரும் ஐந்து தொண்டர்களும் நான்கு வருடமாக ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து சீட்டு விளையாடினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. சிசிலிக்காரரின் பேச்சில் ஓமு என்றால் மனிதன். மாரி என்றால் கடல். அந்தப் பெட்டியின் இரைச்சலுக்கிடையே ஒரு பெண் குரல் திரும்பத் திரும்ப அலறுவதை ஆறு பேரும் கேட்டார்கள்: மனிதன், கடலில்! மனிதன், கடலில்!

ஆறு நிமிடத்தில் ரப்பர் படகு விடுதியை முட்டியது. ஆறு பேரும் மழைக்குள் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கியோடு மேலே ஏறினார்கள்.

"எங்கே அவன்?" என்றார் லோ வெர்தே.

நாகபூசணி விரிப்புகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். "ஆரைத் தேடினம், பிள்ளை?"

"அம்மா, ஆரோ கடலுக்குள்ள விழுந்திட்டினமாம். நீங்கள்தான் கூப்பிட்டனீங்களாம்."

"ஒருத்தரும் விழேல்லை எண்டு சொல்லு."

பிரசாந்தினி சொன்னதும் லோ வெர்தே ஒரு கதிரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்.

"இவையளின்ரை முதல் அறிக்கையாம். பொய் அழைப்பு எண்டு எழுத வேணுமாம். வடிவா யோசிச்சுப் பாக்கட்டாம், ஆராவது கொஞ்சமெண்டாலும் விழுந்திருப்பினமாம்." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஆரும் விழேல்லையெண்டா இவர் அழப் போறார்."

நாகபூசணி படிவத்தைப் பார்த்தாள். "அதில என்னென்ன கேட்டிருக்கு? வாசி."

"விழுந்தவரின்ரை பேர். எப்ப விழுந்தது. எந்த இடம். கரையிலையிருந்து எவ்வளவு தூரம். எந்த நகரசபை. நிரந்தர முகவரி."

"முத்திரை குத்துவினமோ?"

மகள் கேட்டாள். லோ வெர்தே பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வட்ட முத்திரை. மை காயாமல் இருக்க வாரம் ஒருமுறை ஒற்றிப் பார்ப்பாராம்.

நாகபூசணி விரிப்புகளை மேசையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டாள். பலகைத் தளத்தின் விளிம்புவரை நடந்து, ஒரு காலை முன்னே வைத்துக் கடலுக்குள் இறங்கிவிட்டாள்.

நான்கு வருடமாகக் காத்திருந்த ஆறு பேரும் ஒரேயடியாகப் பாய்ந்தார்கள்.

அவள் நயினாதீவில் பிறந்தவள். நீந்திவந்து ஏணியைத் தானே பிடித்தாள். தொண்டர் ஒருவருக்கு அங்கி கழுத்தை இறுக்கியதால் அவரையும் அவளே இழுத்து ஏற்ற வேண்டியிருந்தது. லோ வெர்தே நனைந்த கையைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். அழைப்பு: மூன்று பத்து. மீட்புக் குழு வந்தது: மூன்று பதினாறு. விழுந்தது: மூன்று முப்பத்தொன்று. பேனையை நிறுத்தி யோசித்தார். பிறகு அடியில் கோடிட்டார். ஆள் விழுவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே இத்தாலியில் வேறெந்தச் சங்கமும் வந்து சேர்ந்திருக்காது.

அப்போது விமானம் இறங்கியது. ரப்பர் படகைக் கண்ட சிஞ்ஞோர் குசுமானோ ஓடிவந்தார். பின்னால் பல் வைத்தியர் குடையோடு வந்தார். சிஞ்ஞோர் படிவத்தை எட்டிப் பார்த்தார். 'கரையிலிருந்து இரண்டு மைல், ஆறு நிமிடம், பலேர்மோ நகரசபை' என்று இருந்தது.

"ஆறு என்று எழுதாதீர்கள்," என்று கெஞ்சினார். "அறுபது என்று எழுதுங்கள். ஒரு சுழியம்தானே!"

"என் ஆறு நிமிடத்தைத் தரமாட்டேன்," என்றார் லோ வெர்தே.

சிஞ்ஞோர் நாகபூசணியின் பக்கம் திரும்பினார். விருந்தினர் வராவிட்டால் விடுதி இல்லை, விடுதி இல்லாவிட்டால் வேலையும் இல்லை என்றார். அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"பிள்ளை, சொல்லு. வேலை போனா வேறை வேலை தேடலாம். ஆறு எண்டே இருக்கட்டும்."

பல் வைத்தியர் குடையை மடக்கினார். "குசுமானோ, கழிப்பறையின் சின்ன யன்னலால் என் வீட்டுப் பல்கனி தெரிகிறது. மூன்று வருடமாக மனைவி உடுப்புக் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவளுக்கு நான் தெரியவில்லை. எனக்கு அது போதும்." பிறகு நாகபூசணியைக் கேட்டார்: "இன்றைக்கு என்ன குழம்பு?"

சிஞ்ஞோர் போய் விமானத்தில் உட்கார்ந்துகொண்டார். விக்னராஜா பாணோடு வந்து சேர்ந்தபோது முத்திரை விழுந்திருந்தது.

"ஏனப்பா எல்லாரும் நனைஞ்சிருக்கிறியள்?"

"மாரியெல்லே," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் எழுத்தர் பெண் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தாள். 'கடலில் விழுந்த மனிதன்: நாகபூசணி, பெண்' என்பதில் கொஞ்ச நேரம் நின்றாள். நேரங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். வட்ட முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சான்றிதழைத் தட்டெழுத்துப் பொறியில் ஏற்றினாள். பெயர், வீடு, நகரசபை எல்லாம் அடித்து முடித்து ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"எத்தனையாம் மாடி?"

"அம்மா, எத்தனையாம் மாடியாம்?"

நாகபூசணி யோசித்தாள். வீட்டுக்குக் கீழே பீப்பாய்கள், அதற்குக் கீழே நாற்பது பாகம் ஆழத்துக்குத் தண்ணீர். "மாடி இல்லை. ஒரு தட்டுத்தான். கீழ்."

"பியானோ தெர்ரா," என்றாள் பிரசாந்தினி. இத்தாலியில் கீழ்த்தளத்துக்கு அதுதான் பெயர். நிலத்தின் தளம்.

எழுத்தர் பெண் அப்படியே அடித்து, உருவி, கையெழுத்திட்டுக் கொடுத்தாள். நாகபூசணி அதை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பெர்மெஸ்ஸோ வரிசைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள்.