தலைக்கு மட்டும் நல்ல தண்ணீர்

ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார எனக்கு இன்றைக்கும் வராது. பார்லருக்குப் போனால் முடி வெட்டும் பெண் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மேடம், கொஞ்சம் ஆடாம இருங்க" என்று கெஞ்சுவாள். இந்த வயதிலேயே இப்படியென்றால் ஒன்பது வயதில் எப்படி இருந்திருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். போதாக்குறைக்கு அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு ஆண்டவர் எதற்காக அவ்வளவு முடியைக் கொடுத்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

முடி என்னுடையது என்று பேர்தான். உரிமையெல்லாம் அம்மாவுக்கு. சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். கடல் பக்கத்திலேயே இருந்ததால் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. துணிக்கும் பாத்திரத்துக்கும் உடம்புக்கும் அதுதான். லாரியில் வரும் மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதிலிருந்து ஒரு பங்கை அம்மா ஒதுக்கி, குளியலறை மூலையில் ஒரு நீல டிரம்மில் ஊற்றி மூடி வைப்பாள். அது தலைக்கு. உப்புத் தண்ணீர் பட்டால் முடி நாராகிவிடும் என்பது அவள் கட்சி. அப்பாவுக்கு அந்த டிரம்மில் கைவைக்க அனுமதி கிடையாது. அவருக்கு வழுக்கை ஆரம்பித்திருந்ததால் அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வந்தால் எங்காவது ஒளிந்துகொள்ளப் பார்ப்பேன். வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக மண்டையில் தேய்த்து ஊறவைப்பாள். வடித்த கஞ்சியில் சீயக்காயைக் குழைத்து அலசுவாள். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றித்தான் எடுக்க வேண்டும். ஈரத்தில் சீப்பு படக் கூடாது. காய்ந்த பிறகும் உச்சியிலிருந்து வாரக் கூடாது, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். கடைசியில் சாம்பிராணிப் புகை. இத்தனையும் முடிவதற்குள் கீழே தெருவில் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த முடியை நான் மனதார வெறுத்தேன்.

அம்மா நர்ஸ். வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் கிளம்பினாள். என் புதுநன்மைக்கு, அதாவது நான் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளுக்கு, கண்டிப்பாக வந்துவிடுவேன் என்றாள். வெள்ளை கவுன், தலையில் வலை முக்காடு, அதற்குக் கீழே மல்லிப்பூ வைத்துத் தைத்த நீளமான சடை. அவளுடைய புதுநன்மைப் போட்டோவில் அவள் அப்படித்தான் நின்றாள். நானும் அப்படி நிற்க வேண்டும். ஏர்போர்ட்டில் அவள் அப்பாவிடம் சொன்ன கடைசி வார்த்தை, "முடிய மட்டும் பாத்துக்குங்க" என்பதுதான்.

அப்பா கணக்கு வாத்தியார். சடை பின்னுவதையும் கணக்கு மாதிரியே கற்றுக்கொண்டார். இரண்டு சடையும் ஒரே நீளம், ஒரே தடிமன். ஒன்று மட்டும் கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே பார்க்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வீடியோ கால். "திரும்பு" என்பாள் அம்மா. திரும்பிக் காட்டுவேன். அவள் முகம் மலர்ந்துவிடும். அவள் தலையில் எப்போது பார்த்தாலும் ஒரு துண்டு சுற்றியிருக்கும். அந்த ஊரில் நாள் முழுக்கக் குளிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது. லாரி வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நீல டிரம் காய்ந்தது. தலை குளிக்காமல் விடவும் அப்பாவுக்கு மனம் வரவில்லை. தண்ணீரில் என்ன பெரிய வித்தியாசம் என்று போர் தண்ணீரை ஊற்றினார். உப்புத் தண்ணீரில் சீயக்காய் நுரைக்காது. அவரோ சீயக்காய் போதவில்லை என்று இன்னும் கொட்டினார். எண்ணெயும் போகவில்லை, சீயக்காயும் போகவில்லை. காய்ந்ததும் முடி விறைத்துக்கொண்டது. எண்ணெய் குறைச்சல் என்று முடிவு செய்து மறுவாரம் கூடுதலாகத் தேய்த்தார். மனிதர் அவ்வளவு அக்கறையாகக் கெடுத்தார். அந்தத் தலையோடு நானும் ஓடினேன், புரண்டேன், தூங்கினேன். கொஞ்ச நாளில் பின்னந்தலை முழுக்க ஒரே கட்டி. அம்மா கேட்டபோதெல்லாம், "நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. தூரத்தில் தனியாக இருப்பவளை எதற்குக் கலங்க வைக்க வேண்டும் என்று அவருக்கு.

அம்மாவின் தம்பி, என் மாமா, கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனிகளுக்கு விக் சப்ளை செய்யும் ஒருவரிடம் வேலை பார்த்தார். ஒருநாள் வந்தவர் என் தலையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா மச்சான் இது? தேங்கா நாரு மாரி கீது. சீப்பு உள்ளயே போவல."

மத்தியானம் முழுக்க எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தார். சீப்பின் பல் போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கத்தரியை எடுத்தார். முடி கழுத்தோடு போய்விட்டது.

எனக்கு அன்று வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி லேசாக இருந்தது. தெருமுனை வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தால், வெட்டிய முடியை பேப்பரோடு மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அம்மா வருவதற்கு ஒரு மாதம்கூட இல்லை.

அவளிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்றார் அப்பா. மாமா விடவில்லை. "அக்கா அங்க தனியா கீது மச்சான். இத்த கேட்டா சோறு துன்னாது. வரட்டும், மெதுவா சொல்லிக்கலாம்." மறுநாளே ஒரு சவுரியோடு வந்தார். அசல் முடியில் செய்த நீளமான சவுரி. என் முடியை இழுத்து முடிந்து, அதில் சவுரியைக் கட்டி, ஊசிகளைக் குத்திப் பின்னிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய நான்தான்.

என்னை ஆடாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. "மூச்சு வுடு, தலைய மட்டும் ஆட்டாத" என்பார் மாமா. வீடியோ காலில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பெண்ணுக்கு அடக்கம் வந்துவிட்டதே என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தும்மல் வந்து தொலைத்தது. சடை தோளுக்கு இறங்கியது. மாமா பாய்ந்து போனை அணைத்துவிட்டு, "நெட்டு பூட்ச்சு" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அம்மா வந்தாள். நேர்த்தியான பெரிய கொண்டையோடு, மெலிந்து, ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வழக்கம் போல அவள் கை என் சடைக்கு வந்தது. பிடரியில், முடிச்சு இருந்த இடத்தில், விரல்கள் நின்றுவிட்டன. அப்பா டிராலியின் சக்கரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையை எடுத்து என் கன்னத்தில் வைத்து, "எளச்சிட்டியேடி" என்றாள். அவ்வளவுதான்.

புதுநன்மை அன்று காலையில் என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். சவுரி அவள் கையோடு வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாவத் திட்டாதம்மா."

"யார் கட்டுனா இத?"

"மாமா."

"நல்லாக் கட்டுனான் போ. ரெண்டு குதி குதிச்சா அவுந்துடும்."

என் முடியைச் சின்னச் சின்னக் கால்களாகப் பிரித்தாள். சவுரியை வைத்து, கறுப்பு நூலை உள்ளும் வெளியுமாகக் கோத்து இறுக்கினாள். ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, பார்க்காமலே, தினமும் செய்கிற வேலை மாதிரி விரல்கள் ஓடின. பூ வைத்துத் தைத்து முடித்ததும், "தலைய ஆட்டு" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. ஆசை தீர ஆட்டினேன். சடை அசையவில்லை. கோயிலில் நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததற்கு வேதபாடம் நடத்தும் உபதேசியாரிடம் குட்டு வாங்கினேன். அப்போதும் அசையவில்லை.

பிரியாணி சாப்பிட்டு விருந்தாளிகள் போன பிறகு வீடு அடங்கியது. மாமா கூடத்தில் குறட்டை விட்டார். எனக்கு வழக்கம் போல உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அறைக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையில் துண்டு, துண்டில் ஈரமே இல்லை. ஜன்னல் கம்பியில், விருந்து முடிந்ததும் அவிழ்த்த என் சவுரி தொங்கியது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று, அதைவிட அடர்த்தியாக.

அந்த ஊரில் கடல் தண்ணீரைச் சுத்தம் செய்துதான் குழாயில் விடுகிறார்கள் என்பதும், தலைக்கென்று தனியாக ஒரு டிரம் வைத்துக்கொள்ள ஹாஸ்டலில் வழியில்லை என்பதும், அம்மாவின் முடி முதல் வருடமே கொத்துக் கொத்தாகப் போய்விட்டது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான் நினைத்தது, என்னுடையது அறுந்துவிட்டால் மாட்ட மாமா ஸ்பேர் வாங்கி வைத்திருக்கிறார் என்று. என்மேல் இவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்று கோபமாகக்கூட வந்தது. நேராக அப்பாவிடம் போய்ப் புகார் செய்தேன்.

அப்பா எழுந்து வந்து கதவருகில் நின்றார். ஜன்னல் கம்பியையும் அம்மாவின் தலைத் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கீழ்வீட்டுக்காரரின் தொட்டியில் மெட்ரோ தண்ணீர் இருந்தது. கேட்டு வாங்கி, கோயிலுக்குப் போட்ட புதுச் சட்டை தொப்பலாக நனைய, மாடிக்கும் கீழுக்குமாக நடந்து நீல டிரம்மை நிரப்பினார். அடுப்பில் எண்ணெய் வைத்து வெந்தயத்தைப் போட்டார். வாசனை மூக்கில் ஏறியதும் நான் வாசல் பக்கம் நகர்ந்தேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமப்பா. எனக்குத்தான் முடியே இல்லியே."

"ஒனக்கு இல்ல" என்றார் அப்பா. எண்ணெய்க் கிண்ணத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு இல்லை என்றதும் அப்பாடா என்று இருந்தது. கீழே பிள்ளைகள் ஆட்டத்தை ஆரம்பித்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்கக்கூட நிற்காமல் படியிறங்கி ஓடினேன்.