சாமித்தட்டுப் பல்புகள்

போர்க்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழன் கூரைமேல் நீளமாகக் கம்பி கட்டினால் பொலிஸ் வந்து நிற்கும். அமெச்சூர் வானொலி லைசென்ஸ் இருந்தும் என் ஏரியல் வீட்டுக்குள்ளேதான் ஓடியது. நண்பன் நிசாமோ நகருக்கு வெளியே ஹெந்தளையில் இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டியிருந்தான். காதுக்கு எட்டாத அளவு மெலிந்த தாழ் அதிர்வெண் சிக்னல்கள் அவனுடைய கம்ப்யூட்டர் திரையில் மோர்ஸ் புள்ளியும் கோடுமாக விழுந்து எழுத்தாகும். என் திரையில் வெறும் இரைச்சல். "அண்ணன், இன்டைக்கு ரஷ்யா வந்திச்சு" என்று அவன் போன் எடுத்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தவனிடம் வெடித்தேன்.

"உமக்குத் தென்னை இருக்கு. எனக்குப் பொலிஸ்தான் இருக்கு."

அவன் எங்கள் சாமித்தட்டில் மினுங்கிய சீரியல் பல்புகளைப் பார்த்தான்.

"கோவிக்க வேணாம் அண்ணன். அத கொஞ்சம் ஓஃப் பண்ணேலுமா?"

மனைவி பல்புகளை அணைத்தாள். இரைச்சல் விலகியது. திரையில் மெல்லிய கோடு ஒன்று மெதுவாக நீண்டு, ஒரு எழுத்தானது.

"உமக்கு முதலே தெரியுமோ?"

"போன முறை வந்த நேரமே சந்தேகம் ஈந்திச்சு. உங்கட சாமிட லைட்ட நான் எப்படி ஓஃப் பண்ணச் செல்ற?"

அதன்பின் எனக்கும் சிக்னல் வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. அப்படியொரு பல்பு அவன் வீட்டில் எரிந்திருந்தால், நான் வாசலில் நின்றே சொல்லிக் காட்டியிருப்பேன்.