தோய்ச்ச செம்பு

கரவெட்டியிலை மகள் வீட்டுக்கு ஏசி பூட்ட வந்த தம்பி செப்புக் குழாயைச் சூடாக்கினார். சுவாலை பச்சையாய் எழும்ப, அந்தக் காய்ஞ்ச செம்பு மணம் மூக்கிலை ஏறிச்சுது. உடனை எனக்குத் தேவனிலை எரிச்சல் வந்திட்டுது. ஆள் செத்து ஆண்டுத் திவசமும் முடிஞ்சுது. எரிச்சல் மட்டும் அப்பிடியே கிடக்கு.

நானும் தேவனும் பருத்தித்துறையிலை வள்ளத்து மெசின் திருத்துற பட்டறையிலை ஒண்டா வேலை பார்த்தனாங்கள். முன்கடையிலை சாமான் எடுத்துத் தாறவ மலர். அவ ஊத்துற தேத்தண்ணியிலை எனக்குச் சீனி குறைவு, அவனுக்குக் கூடுதல். அவன்ரை கோப்பையை நான் குடிச்சுப் பாக்கேல்லை, ஆனாலும் தெரியும்.

ஒருநாள் டீசல் போற செப்புக் குழாய் ஒண்டு, வளைச்சு வளைச்சு விறைச்சுப்போச்சு. இன்னொருக்கா வளைச்சா முறியும். கடையிலை வேறை குழாயில்லை, வள்ளக்காரர் வாசலிலை நிக்கினம். தேவன் அதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டெண்டு தண்ணி வாளிக்குள்ளை விட்டான். எனக்கு உள்ளுக்குள்ளை ஒரே சந்தோசம். நான் கொல்லுப் பட்டறைக்குப் பக்கத்திலை வளர்ந்தவன். கத்தியைக் காய்ச்சித் தோய்ச்சா இறுகும் எண்டு எங்கடை தெருவிலை பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மலருக்குக் கேக்கத்தக்கதா, "தோய்ச்சுப் போட்டியோ? இனி உது கண்ணாடி மாதிரி உடையும்" எண்டன்.

அவன் என்னைப் பாக்கேல்லை. குழாயை எடுத்து மலரின்ரை கையிலை குடுத்தான். "வளைச்சுப் பாருங்கோ."

அவ அதைக் காப்பு மாதிரி வளைச்சா.

"இரும்பின்ரை கதை வேறை, மச்சான்" எண்டான் தேவன். வளைக்கேக்கை செம்புக்குள்ளை இருக்கிற சின்னச் சின்ன மணியெல்லாம் நசிஞ்சு சிக்குப்படுமாம், அதாலைதான் விறைப்பு. நல்லாச் சூடு பட்டா, நசிஞ்சதுகளுக்கு நடுவிலை நசியாத புது மணி முளைச்சுப் பழசைத் தின்னுமாம். தண்ணி சும்மா ஆத்திறதுக்குத்தானாம். மலர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நிண்டா. எனக்கெண்டா அவனைத்தான் வாளிக்குள்ளை தோய்க்கவேணும் போலை கிடந்தது.

அடுத்த ஆவணியிலை அவையளுக்குக் கலியாணம்.

இப்ப அந்தப் பட்டறையிலை போன் கடை. வள்ளங்களுக்கு ரப்பர் குழாய், ஒருத்தரும் ஒண்டையும் காய்ச்சிறேல்லை. வாளியும் இல்லை, தேவனும் இல்லை. செத்தவீட்டிலை மலர் என்ரை கையைப் பிடிச்சு அழுதா. "அண்ணை, அவர் உங்களைப் பற்றி எப்பவும் சொல்லுவார். அண்டைக்கு உவன் வாய் திறந்திருக்காட்டி, உன்ரை கையிலை குழாயைத் தர எனக்கு எங்கை துணிவு வந்திருக்கும் எண்டு."

வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.