பிள்ளை கையில் வைக்க ஒரு ரூபாய்

காலை ஐந்தேகாலுக்கு நானும் அம்மாவும் கோலார் தங்கவயலில், கோரமண்டல் ஸ்டேஷனில் நின்றோம். தினமும் நான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ரயில்தான். எனக்கு சீசன் டிக்கெட், அம்மாவுக்கு முப்பது ரூபாய். எங்கள் சூட்கேஸைப் பார்த்துவிட்டு, தினமும் கூட வருகிற அண்ணன் ஒருவர் கேட்டார்.

"இன்னா ஜோதி, குடி மாறிப் போறீங்களா?"

"சிலோன் போறோம்ணா."

"செகண்ட் ஷிஃப்டுக்குத் திரும்பிருவீங்க இல்ல?"

பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா இறந்து ஐந்து மாதம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டிராவல்ஸில் மாதாமாதம் இரண்டாயிரம் கட்டி, தனக்கும் அம்மாவுக்கும் நான்கு நாள் டூர் போட்டு வைத்திருந்தார். பணம் திரும்ப வராது, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அப்பாவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினபோது அந்தக் கடையிலேயே அழுதுவிட்டேன். அம்மாவை வரச் சொல்லிச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. அப்பா போனதிலிருந்து அவள் எந்த நல்ல காரியத்துக்கும் போவதில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. புருஷன் இல்லாதவள் முன்னால் வந்து நிற்கக்கூடாது என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள்.

மதியம் இரண்டரைக்குக் கட்டுநாயக்க விமான நிலையம். அங்கேயும் ரூபாய்தான், ஆனால் நம் ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் நாற்பது சதம். பத்தாயிரம் கொடுத்தேன், முப்பத்தி நாலாயிரம் வந்தது. வெளியே எங்கள் வேன் டிரைவர் மோகன் அண்ணன் நின்றார்.

"சல்லி மாத்திட்டீங்களா தங்கச்சி?" என்றார். சல்லி என்றால் அங்கே பணம்.

வழியில் டீ குடித்தோம். நூற்றி இருபது ரூபாய். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாடி இது, தங்கத்துல போட்டாங்களா?"

"நம்ம காசுக்கு முப்பத்தஞ்சுதான்மா."

"அப்பவும் ஜாஸ்திதான்." ஆனால் குடித்தாள்.

இரண்டாம் நாள் காலை கண்டி. ஓட்டலைக் காலி செய்யும்போது தலையணை மேல் முந்நூறு ரூபாய் வைத்தேன். நானே பெங்களூரில் ஓட்டல் ரூம் கிளீன் பண்ணுகிறவள். தலையணை மேல் பத்து ரூபாய் கிடந்த அன்றைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா அதற்குள் போர்வையை மடித்து, பாத்ரூமையும் கழுவிவிட்டிருந்தாள். வேன் கிளம்பும்போது ரூம் பையன் ஓடி வந்தார். "மிஸ், சல்லிய மறந்துட்டீங்க!" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிடக்கிற காசைத் தொட்டால் வேலை போய்விடும் என்று நாங்களும்தான் தொட மாட்டோம். போகிறவர்கள் டிப்ஸைக் கையில் கொடுங்கள். "உங்களுக்குத்தான்" என்று வாயால் சொல்லுங்கள்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு நுவரெலியாவிலிருந்து திரும்பினோம். மோகன் அண்ணனுக்கென்று ஐயாயிரம் தனியாக வைத்திருந்தேன், நம் காசுக்கு ஆயிரத்து நானூற்றி எழுபது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தங்கச்சி, கோவிக்கக் கூடாது. தலவாக்கலைக்குக் கிட்டத்தான் நம்ம வீடு. பத்து நிமிசம் நிப்பாட்டவா? மகள் பொறந்து ரெண்டு மாசம். பகல்ல மொகத்தப் பாக்கவே கெடைக்கல."

அம்மாதான் முதலில் சரி என்றாள். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டுக்கு முன்னால் வேன் நின்றதும், "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் வண்டியிலயே கீறேன்" என்றாள்.

நான் வாதாடுவதற்குள் மோகன் அண்ணன் மனைவி ரமணி பிள்ளையோடு வந்து, வேன் கதவைத் திறந்து அம்மா மடியில் வைத்துவிட்டார். "பிடிங்கம்மா, தேத்தண்ணி வச்சிட்டு வாறேன்." உள்ளே போய்விட்டார்.

அம்மா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"கையில காசு வெக்கணும்டி" என்றாள் மெதுவாக. முதல் தடவை பார்க்கிற பிள்ளை இல்லையா. நான் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தேன்.

"ஒத்த ரூபா எங்க? மொட்டையா குடுக்கச் சொல்றியா?"

அப்பாவின் பதினாறாம் நாள் எல்லோரும் மொட்டை நோட்டுதான் கொடுத்தார்கள். அது சாவுக்கு. நல்லதுக்கு மேலே ஒரு ரூபாய் வேண்டும். என் பையில் ஐந்தும் பத்தும் இருபதும்தான் இருந்தன.

மோகன் அண்ணன் சிரித்தார். "ஒரு ரூபாய் குத்தியா? அதக் கண்டே வருசக்கணக்கு அம்மா. கடையில அதுக்குப் பதிலா டொபி குடுப்பாங்க." குத்தி என்றால் நாணயம், டொபி என்றால் மிட்டாய்.

அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். பக்கத்து வீட்டு வாசலில் போய், "ஏம்மா, உங்க வூட்ல ஒத்த ரூபா கீதா?" என்றாள். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எந்த ஊரு நீங்க?"

"கோல்ட் ஃபீல்ட்ஸ்."

"ஐயோ, தங்கத்த வச்சிக்கிட்டு ஒரு ரூபாய்க்கு அலையிறீங்களே!"

அம்மா சிரித்துவிட்டாள். ஐந்து மாதத்துக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

ஐந்தாவது வீட்டில், சாமித் தட்டில் ஒன்று கிடைத்தது. அம்மா பத்து ரூபாய் கொடுத்து அதை வாங்கினாள். வாங்கியதும் முகம் மாறிவிட்டது. என்னிடம் நீட்டினாள். "நீ வை. என் கையால வேணாம்."

தேத்தண்ணியோடு வந்த ரமணி கேட்டார். "வீடு வீடாத் தேடினது நீங்க. ஏன் அவ வைக்கணும்?"

"எனக்கு ஊட்டுக்காரர் இல்லம்மா. அஞ்சு மாசம் ஆவுது."

ரமணி தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு, "இவளுக்கு மொதல்ல தண்ணி வாத்தது எங்கம்மா. எங்கப்பாவும் உயிரோட இல்ல. நீங்க வைங்க" என்றார்.

அம்மா வைத்தாள். பிள்ளை நேராக வாய்க்குக் கொண்டுபோனது. எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினோம்.

மாலை விமான நிலையத்தில் ஐயாயிரத்தை மோகன் அண்ணன் கையில் கொடுத்தேன். "உங்களுக்குத்தாண்ணா." அம்மா என்னை இடித்தாள், மேலே ஒன்று எங்கே என்று. "இது டிப்ஸுமா!" என்றேன். "வேணாம் அம்மா," என்றார் அவர், "அதுக்கு நான் திரும்ப தலவாக்கலைக்குப் போகணும்."

மறுநாள் மதியம் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் ஊருக்கு வந்தோம். தலவாக்கலை பச்சை, குளிர். எங்கள் பக்கம் மண்மேடும் வெயிலும். ஆனால் லைன் வீடுகள் ஒன்றுபோலத்தான். ஒரு வீட்டில் தாளித்தால் ஐந்து வீட்டில் தும்முவார்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் அம்மா கேட்டாள்.

"எதிர் லைன் மீனா கொழந்தைக்கு மூணு மாசம் இருக்கும் இல்ல?"

"இருக்கும்."

அவ்வளவுதான். மேலே கேட்டால் கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம்.

கோரமண்டலில் இறங்கியதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கடைப்பக்கம் நடந்தாள்.

"எங்கமா போற?"

"சோப்பு, பவுடர் எதுனா வாங்கிக்குவோம். மொத தபா பாக்கப் போறேன், வெறுங்கையோட எப்டிப் போறது?"